புது செட்டில் இருந்த பாலம்

கண்ணாடியை உடைக்காமல், கதவில் ஒரு கீறல் போடாமல், தொங்கிய ஒயர்களில் சிவப்பைச் சிவப்போடும் மஞ்சளை மஞ்சளோடும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் கறுப்பு டேப் சுற்றி மடக்கி வைத்துவிட்டு, எபநேசரின் வாடகைக் காரிலிருந்து பாட்டுச் செட்டை மட்டும் ஒருவன் கழற்றிக்கொண்டு போயிருந்தான். ஆகையால் அவன் யாராயிருந்தாலும் தொழில் தெரிந்தவன் என்று காரிக்கரையில் நாங்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டோம். பஞ்சாயத்துத் தலைவி சங்கரவடிவு காருக்குள் தலையை நீட்டி அந்த ஓட்டையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "தெருவிளக்குக்கு ஒயர் இழுக்க நாம கூப்பிட்டு வந்தவனுக்கு இந்தக் கை இருந்திருக்கக் கூடாதாய்யா" என்று பெருமூச்சு விட்டார்.

காரிக்கரைக்கும் எதிரே இருக்கிற நல்லூரணிக்கும் நடுவில் கொற்றாறு ஓடுகிறது. குறுக்கே போனால் எண்ணூறு மீட்டர், ரோட்டில் போனால் அணைக்கட்டைச் சுற்றி முப்பத்தொரு கிலோமீட்டர். சந்தை, ஆஸ்பத்திரி, மேல்நிலைப் பள்ளிக்கூடம், பரோட்டாக்கடை எல்லாம் அந்தக் கரையில், நாங்கள் மட்டும் இந்தக் கரையில். பாலம் கட்டப்போவதாக மூன்று முறை அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். முதல் கல்லில் துணி துவைக்கிறோம், இரண்டாவது கல் டீக்கடைக்குப் படியாகக் கிடக்கிறது, மூன்றாவதில் எழுத்து இன்னும் அழியாததால் மரியாதைக்கு அதன்மேல் நாங்கள் உட்காருவதில்லை, ஆடுகள் உட்காரும். பகலில் இசக்கியப்பனின் தோணி உண்டு. விளக்கு வைத்த பிறகு தோணி கிடையாது. அவருடைய அப்பா ஓர் அந்தியில் ஆற்றோடு போனவர், அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் பொழுது சாய்ந்தால் துடுப்பைத் தொடமாட்டார்கள்.

எபநேசரின் மனைவி எப்சிபா நல்லூரணி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வேலை முடிந்து வெளியே வரும்போது மணி ஏழாகியிருக்கும், தோணி கட்டியிருக்கும், கடைசி பஸ்ஸும் போயிருக்கும். தினமும் சுற்றிப் போய்க் கூட்டிவந்தால் ஓட்டுகிற சவாரியெல்லாம் பெட்ரோலுக்கே சரியாகிவிடும் என்பதால் அவள் அங்கேயே ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு சனிக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவாள். கல்யாணமாகிப் பதினோரு வருசம், பிள்ளைகள் இல்லை, இரண்டு பேரும் ஒரே விளக்கின் கீழே உட்கார்ந்து சாப்பிட்ட இரவுகளை எல்லாம் சேர்த்துக் கட்டினால் இரண்டு வருசம் தேறாது. மற்ற இரவுகளில் எபநேசர் காரில் உட்கார்ந்து அந்தச் செட்டைப் போட்டுவிட்டுத்தான் சாப்பிடுவார், யாராவது ஒருவர் குரல் வேண்டுமே என்று. திருட்டுப் போனது அது.

அடுத்த வியாழக்கிழமை நல்லூரணியில் கார் சாமான் கடை வைத்திருக்கிற தாவூது பாயிடம் போனார். பழைய மாதிரி செட் இப்போது வருவதில்லை என்று சொல்லி பாய் ஒரு டச் ஸ்கிரீன் செட்டை எடுத்து வைத்தார், பாட்டு உண்டு, படம் உண்டு, மேப்பும் உண்டு, வழி சொல்ல ஒரு பெண்குரலும் உண்டு.

"பாய், தயாரிச்ச தேதி பாருங்க. அந்த மாசம் வர இன்னும் மூணரை வருசம் கெடக்கே?"

பாய் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அட்டைப்பெட்டியின் அடியைப் பார்த்தார். "அச்சுல தப்பு விழுந்திருக்கும். புது வெர்ஷன்னு கேட்டீரு, இதைவிடப் புதுசு உலகத்திலயே கெடையாது, மாட்டவா வேண்டாமா?"

மாட்டி முடிக்க ஏழு மணியாகிவிட்டது. டூட்டி முடிந்து வந்த எப்சிபா புது செட்டைப் பார்ப்பதற்காகக் காரில் ஏறி உட்கார்ந்தாள், அவளை ஹாஸ்டலில் இறக்கிவிடத்தான் எபநேசர் வண்டியை எடுத்தார், சும்மா சோதித்துப் பார்க்க மேப்பில் வீட்டைத் தொட்டார். பெண்குரல் வலது பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினார். இடது பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினார். கார் ஆற்றங்கரையில் வந்து நின்றது. திரையில் ஆற்றுக்குக் குறுக்கே தடிமனாக ஒரு மஞ்சள் கோடு. "நேராகச் செல்லவும். எண்ணூறு மீட்டர் பாலம்" என்றது குரல்.

"பாலமாம்" என்று எபநேசர் சிரித்தார்.

"நேராகச் செல்லவும்."

"மூணு தரம் அடிக்கல் போட்டது இவளுக்குத் தெரியாது போல."

"நேராகச் செல்லவும்" என்று மூன்றாவது முறையாகக் குரல் சொன்னபோது, "அந்தப் பிள்ளைதான் அத்தனை தடவை சொல்லுதுல்லா, ஒரு சக்கரத்தை வச்சுத்தான் பாருங்களேன்" என்றாள் எப்சிபா. எபநேசர் ஒரு சக்கரத்தை வைத்தார், நனையவில்லை. இரண்டாவதை வைத்தார், நனையவில்லை. பிறகு நான்கு சக்கரமும் போக, கார் ஒன்றுமில்லாத அந்தரத்தில், தண்ணீருக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில், கான்கிரீட்டில் போகிற அதே சத்தத்தோடு போக ஆரம்பித்தது. எட்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்திருந்த எப்சிபா பாதி ஆற்றில் தூங்கிப்போனாள். ஐந்தாவது தூண் இருக்க வேண்டிய இடம் என்று திரை காட்டிய இடத்தில் கார் தடக் என்று ஒரு குலுங்கு குலுங்கியது, அவள் கண் விழித்து, "வந்துட்டமா?" என்றாள்.

கீழே கரையோரமாகத் தோணியைக் கட்டிக்கொண்டிருந்த இசக்கியப்பன் தலையைத் தூக்கிப் பார்த்தார். "வே எபநேசரு! அடியில ஆயில் ஒழுகுது, நாளைக்குப் பார்த்துக்கிடும்!" என்று கத்திவிட்டு முடிச்சைப் போட்டு முடித்தார்.

அன்றைக்கு எபநேசர் வீட்டில் ஒரு வியாழக்கிழமையில் இரண்டு தட்டு வைத்தார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமையிலும் வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சனிக்கிழமை என்பது மற்றக் கிழமைகளில் ஒன்றாகிப் போனது.

ஊருக்கு அந்தப் பாலத்தைப் பழகிக்கொள்ள ஒரு வாரம் ஆனது. முதலில் அது கார் போகிற இடத்தில் மட்டும் இருந்தது, காருக்குப் பின்னாலேயே நம்பிக்கையோடு சைக்கிள் மிதித்துப் போன வாத்தியார் சைக்கிளோடு ஆற்றில் விழுந்தபோதுதான் அது தெரிந்தது. காரைத் தொட்டுக்கொண்டு நடந்தால் பாலம் உண்டு, தொட்டவரைத் தொட்டாலும் உண்டு என்பதை ஓர் ஆட்டுக்குட்டியை வைத்துக் கண்டுபிடித்தோம். இனி தனக்கு என்ன வேலை என்று தோணியைக் கவிழ்த்துப் போட்டு அதன் முதுகில் உட்கார்ந்திருந்த இசக்கியப்பனைச் சங்கரவடிவு போய்க் கூப்பிட்டார். "அண்ணாச்சி, உம்ம கயிறு இல்லாம இந்த ஊரு ஆறு தாண்டாது, எந்திரியும்." அவர் நூறு பாக நீளத் தோணிக் கயிற்றைக் காரின் பின் கொக்கியில் கட்டி, கடைசி நுனியைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டார். காலையில் ஏழரைக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று, மாலையில் நாலரைக்கு ஒன்று, ஏழேகாலுக்கு ஒன்று என்று கார் மாட்டு நடையில் போக, பின்னாலே கயிற்றைப் பிடித்தபடி பள்ளிக்கூடப் பிள்ளைகள், பால்காரர், மீன்கூடைக்காரிகள், சுகர் மாத்திரை வாங்கப் போகிற பெரியவர்கள், சும்மா பரோட்டா தின்னப் போகிறவர்கள் என்று காரிக்கரை முழுக்க ஆகாயத்தில் நடந்தது. கயிற்றைப் பிடித்தவன் பாலத்தில், விட்டவன் ஆற்றில் என்பதுதான் சட்டம். ஐந்தாவது தூண் வரும்போது இசக்கியப்பன் பின்னாலிருந்து "தடக்கு வருது, இறுக்கிப் பிடியுங்க!" என்று குரல் கொடுப்பார். ஆவணி மாதத்தில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலமே அந்த வழியாகப் போனது. மாப்பிள்ளை தலைப்பாகையைச் சரிசெய்ய இரண்டு கையையும் தூக்கிவிட்டான். ஆற்றிலிருந்து அவனைத் தூக்கியபோது மாலை அப்படியே கழுத்தில் இருந்ததை நல்ல சகுனம் என்று பெண்வீட்டார் சொல்லிவிட்டார்கள்.

காருக்குக் காவல் போட்டோம், முறை வைத்துக்கொண்டு. மறுபடியும் எவனாவது வந்து இந்தச் செட்டைக் கழற்றிவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் எங்களுக்கு இருந்தது. ஆனால் கடைசியில் கெடுதல் திருடனால் வரவில்லை, எங்கள் நன்றியால் வந்தது.

எங்கள் ஊரில் எது நடந்தாலும் ஃபிளெக்ஸ் வைத்தாக வேண்டும். காதுகுத்துக்கு வைப்போம், பத்தாவது பாஸுக்கு வைப்போம், வைக்காவிட்டால் நடந்தது நடக்காதது மாதிரி இருக்கும். இவ்வளவு பெரிய பாலம் வந்து ஆறு மாதமாகியும் ஒரு ஃபிளெக்ஸ் இல்லையே என்று தலைவிக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஆற்றங்கரையில் இருபதடி அகலத்துக்கு ஒன்று வைத்தார். "காரிக்கரைக்குப் பாலம் வந்தது! நன்றி! நன்றி! நன்றி!" கைகூப்பியபடி தலைவி, பக்கத்தில் எபநேசரின் கார், தாவூது பாய், கயிற்றோடு இசக்கியப்பன், ஓரத்தில் முகமில்லாத ஒரு கறுப்பு நிழல், அதன் அடியில் "பெயர் தெரியாத திருடர் அவர்களுக்கும்."

அதை யாரோ படமெடுத்து எங்கெங்கோ அனுப்ப, அது போய்ச் சேரக் கூடாத ஒரே ஓர் அலுவலகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த அலுவலகத்தில் அதே வாரம்தான், முப்பது வருசமாக மேசைக்கு மேசை நகர்ந்து வந்த எங்கள் பாலத்துக் கோப்பு கடைசிக் கையெழுத்துக்குப் போயிருந்தது. கையெழுத்துப் போட வேண்டியவர் படத்தைப் பார்த்தார், பேனாவை மூடினார். பாலம் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளதாகத் தெரிகிறது, நேரில் பார்த்து அறிக்கை தருக என்று எழுதிக் கோப்பைத் திருப்பிவிட்டார்.

மறுநாள் காலையில் திரையிலிருந்த மஞ்சள் கோடு பாதியாக மெலிந்திருந்தது. அடுத்த நாள் பென்சில் கோடு மாதிரி ஆனது. கார் தாழ்ந்து தாழ்ந்து போனது, கயிற்றைப் பிடித்து வந்தவர்களுக்குக் கணுக்கால் வரை நனைந்தது. எபநேசர் தாவூது பாயிடம் ஓடினார். பாய் செட்டைத் தட்டவில்லை, திருகவில்லை, அந்த அட்டைப்பெட்டியை எடுத்து மறுபடி அடியைப் பார்த்தார்.

"அச்சுத் தப்பு இல்லவே. இது வரப்போற வருசத்து மேப்பு. அங்க பாலம் இருக்குன்னா இங்க யாராவது அதைக் கட்டியிருக்கணும்லா? கட்டாமப் போனா அங்க எப்படி இருக்கும்? வாங்காத கடனை... சரி விடும், முளைக்காத மரத்து நெழல்ல எத்தனை நாளைக்கு உக்கார முடியும்?"

திங்கட்கிழமை உதவிப் பொறியாளர் வைதேகி வந்தார். முப்பது வயதிருக்கும், வெயில் தொப்பி, கையில் அளவுநாடா, பேச்சில் ஒரு சொல் கூடுதலில்லை. ஃபிளெக்ஸைப் படித்தார், நிழலைப் பார்த்தார், "இது யாரு?" என்று மட்டும் கேட்டார். அவரைக் காரில் ஏற்றி எபநேசர் அக்கரைக்குப் போய்த் திரும்பினார். சக்கரம் பாதி தண்ணீரில் ஓடியது. ஐந்தாவது தூணில் தடக் என்றதும் வைதேகி குறிப்பேட்டைத் திறந்து, "இங்க இணைப்பு சரியா போடல" என்று எழுதிக்கொண்டார்.

கரைக்கு வந்ததும் ஊரே சுற்றி நின்றது.

"பாலம் இல்லைன்னு எழுதிடுங்கம்மா" என்றார் சங்கரவடிவு. "ஃபிளெக்ஸ் நான் வச்சதுதான். எம் புத்தியைச் செருப்பால அடிக்கணும். இப்பவே கிழிச்சிருதேன்."

"நான் அதுமேல போயிட்டு வந்திருக்கேங்க. இல்லைன்னு எப்படி எழுதுறது? பொய் எழுதி எனக்குப் பழக்கமில்ல."

"அப்ப இருக்குன்னு எழுதினா?"

"இருக்கிற பாலத்தை யாரும் கட்டமாட்டாங்க." வைதேகி தொப்பியைக் கழற்றினார். அவர் முகத்திலும் வருத்தம் இருந்தது. "அந்தக் கோப்பை இவ்வளவு தூரம் தள்ளிக்கிட்டு வந்ததே நான்தான். பாலம் இல்லைன்னு எனக்குக் காட்டுங்க. பார்த்தா எழுதுறேன்."

எப்படிக் காட்டுவது என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அதை எபநேசரிடம் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவர் எதிர்க்கரையில் தெரிகிற ஆஸ்பத்திரியின் நீலத் தண்ணீர்த் தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு போனை எடுத்து எல்லார் முன்னாலும் எப்சிபாவைக் கூப்பிட்டார், ஸ்பீக்கர் தானாகவே ஆன் ஆகிவிட்டது, அணைக்க அவருக்குத் தோன்றவில்லை.

"செட்டைக் கழட்டிட்டு வண்டியை ஆத்துல இறக்கிக் காட்டினாத்தான் ஆகும் போல, எப்சி."

"கட்ட எத்தனை நாளாகுமாம்?"

"ரெண்டு வருசம்னு சொல்லுதாங்க."

"அவங்க கணக்குல ரெண்டா, நம்ம கணக்குல ரெண்டா?"

"அவங்க கணக்குல."

"அப்ப மூணு." அந்தப் பக்கம் யாரோ ஒரு நோயாளி இருமுகிற சத்தம் கேட்டது. "மறுபடியும் சனிக்கிழமைதானாங்க?"

"சனிக்கிழமைதான்."

"பதினோரு வருசம் இருந்தவங்கதானே. சரி, இறக்குங்க. சட்டைப் பையில போன் இருக்கும், எடுத்து வெளிய வச்சுட்டு இறக்குங்க. முட்டாள்தனமா உள்ளேயே உக்கார்ந்திருக்காதீங்க, நான் ஜன்னல்ல இருந்து பார்க்கேன்."

எபநேசர் செட்டைக் கழற்றினார். சிவப்பைச் சிவப்போடும் மஞ்சளை மஞ்சளோடும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் கறுப்பு டேப் சுற்றி மடக்கி வைத்தார். அதைச் செய்ய எவ்வளவு பொறுமை வேண்டும் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. செட்டைச் சங்கரவடிவின் கையில் கொடுத்தார், போனையும் கொடுத்தார், நான்கு கண்ணாடியையும் இறக்கினார், தினமும் போகிற அதே வேகத்தில் நேராகச் சென்றார்.

கார் தவளை குதிப்பதுபோல விழுந்தது. கொஞ்ச தூரம் மிதந்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு அமைதியாக இறங்கி, கூரை மட்டும் தெரிய மணலில் உட்கார்ந்தது. அந்தக் கூரையின்மேல் எபநேசர் நனைந்த கோழியைப் போல ஏறி நின்று, எதிர்க்கரை நீலத் தொட்டியைப் பார்த்துக் கையை ஆட்டினார். இசக்கியப்பன் கயிற்றோடு குதித்தார். வைதேகி நான்கு பக்கமிருந்தும் படமெடுத்தார், பாலம் இல்லை என்று எழுதினார், கோடு கிழித்துக் கையெழுத்துப் போட்டார், அப்புறம்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செட்டை ஒரு பைக் பாட்டரியில் மாட்டிப் பார்த்தோம்: கோடு முன்னைவிடத் தடிமனாக, பழுத்த மாம்பழ நிறத்தில் இருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மணி ஏழு. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி ஹாஸ்டலைப் பார்த்து நடந்த எப்சிபாவை ஆற்றங்கரைப் பக்கமிருந்து யாரோ கூப்பிட்டார்கள். நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு தோணியில் இசக்கியப்பன் நின்றிருந்தார்.

"விளக்கு வச்சாச்சே அண்ணே?"

"ஆறு மாசமா தெனமும் ஏழேகாலுக்கு இந்தத் தண்ணிக்கு மேல நடந்தாச்சு, தங்கச்சி. நம்மளை ஒண்ணும் செய்யல. ஆத்தைச் சொல்லிக் குத்தமில்ல, எங்க அப்பாவுக்கு அன்னைக்குக் கயிறு பிடிக்க ஆளில்ல, அவ்வளவுதான். ஏறுங்க. இந்தா, இந்த நுனியைப் பிடிச்சுக்கிடுங்க."

"தோணியில எதுக்குண்ணே கயிறு?"

"பழகிப்போச்சு. பிடியுங்க."

வெள்ளம் வந்த நாட்கள் போக மற்ற எல்லா நாளும் அந்த வீட்டில் இரண்டு தட்டு விழுந்தது.

அவர்கள் கணக்கில் இரண்டு வருசம், எப்சிபா சொன்னபடி ஏறக்குறைய மூன்றாக ஆனது. தூண் தூணாக எழும்பியது. வைதேகி வெயில் தொப்பியோடு நாள் தவறாமல் நின்றார். ஐந்தாவது தூணின் இணைப்பை மட்டும் மூன்று முறை உடைத்துப் போடச் சொன்னார், ரசமட்டம் வைத்துப் பார்த்தார், கண்ணாடிக் குண்டை உருட்டிப் பார்த்தார். திறப்பு விழா நாள் குறித்ததும் தாவூது பாய் அட்டைப்பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, அடியில் இருந்த மாதத்தை ஆளாளுக்குக் காட்டினார்.

விருந்தாளிகள் ரிப்பன் வெட்டிவிட்டுப் போனார்கள். ஃபிளெக்ஸ் எதுவும் வைக்கவில்லை, தலைவிக்கு இன்னும் பயம். அன்று மாலை ஏழேகாலுக்கு எபநேசர் செட்டைத் திரும்ப மாட்டி, டூட்டி முடிந்து வந்த எப்சிபாவை ஏற்றிக்கொண்டு நல்லூரணிக் கரையில் நின்றார். எத்தனை முறை கழுவியும் போகாத மீன்வாசம் காரில் இருந்தது. பின்னால் நாங்கள். கான்கிரீட் பாலம், இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர், சோடியம் விளக்கு எல்லாம் இருக்க, யாரும் சொல்லாமலே இசக்கியப்பன் கயிற்றைக் கொக்கியில் மாட்டினார், யாரும் சொல்லாமலே நாங்கள் அதைப் பிடித்துக்கொண்டோம்.

"நேராகச் செல்லவும். எண்ணூறு மீட்டர் பாலம்."

கார் மாட்டு நடையில் போனது. ஒன்று, இரண்டு, மூன்று. எப்சிபா தலை சாய்ந்து தூங்கிவிட்டாள். நான்காவது தூணில் வைதேகி கைப்பிடிச் சுவரோரமாக நின்றிருந்தார். "இப்ப குலுங்காதுங்க" என்று எபநேசரிடம் பெருமையாகச் சொன்னார். எபநேசர் தலையாட்டினார், ஆனால் முகம் வாடிவிட்டது, எங்கள் முகமும் வாடிவிட்டது. குலுங்காவிட்டால் இது வேறு பாலம், நாங்கள் நடந்தது வேறு எதிலோ. இசக்கியப்பன் குரல் கொடுக்க வாயைத் திறந்து, கொடுக்காமல் மூடிக்கொண்டார். முன்சக்கரம் ஐந்தாவது தூணைத் தொட்டது, ஒன்றுமில்லை. பின்சக்கரம் தொட்டது.

தடக்.

வைதேகி குறிப்பேட்டைத் திறந்தார், கொஞ்சம் யோசித்தார், மூடினார். காருக்குள்ளே எப்சிபா கண் விழித்து, "வந்துட்டமா?" என்று கேட்டாள். எபநேசர் திரும்பிப் பதில் சொல்வதற்குள், கயிற்றைப் பிடித்திருந்த நாங்கள் எல்லாரும் சேர்ந்து பின்னாலிருந்து கத்தினோம்:

"வந்துட்டோம், தங்கச்சி!"